மிஞ்சிய போல்ட்டு

தையற்காரர் அந்த ஒர்க் ஷாப்புக்குள் வந்தபோது மணி பத்தேகால். காரை ஓட்டிக்கொண்டு வந்தவர் மாதிரியே இல்லை, நோயாளியைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தவர் மாதிரி இருந்தார். எஞ்சினிலிருந்து டக டக டக என்று விடாமல் ஒரு சத்தம். சாவியைத் திருப்பி அதை அடக்கிவிட்டு இறங்கினார். கடையிலிருந்து அப்படியே எழுந்து வந்திருக்கிறார், கழுத்தில் அளவு டேப் தொங்கிக்கொண்டிருந்தது. இடது கையை இறுக மூடி வைத்திருந்தார்.

"அம்மா, பன்னிரண்டு மணிக்குள்ள நான் இந்த வண்டியில கிளம்பியாகணும். மலை மேல இருக்கிற நர்ஸிங் காலேஜ்ல என் பொண்ணுக்கு இன்னைக்கு அட்மிஷன். நாலு மணிக்கு ஆபீஸை மூடிடுவாங்க. அப்பா நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்னு லெட்டர்லயே இருக்கு. நான் போகலைன்னா அவளோட சீட்டு போயிடும்."

"பொண்ணு எங்கே?" என்று கேட்டார் ஜட்ஜம்மா.

"அவங்க அம்மாவோட காலையில எட்டரைக்கே கிளம்பிட்டா. என் மச்சினன் வண்டியில. இந்தச் சத்தத்தைக் கேட்டுட்டு இதுல ஏற ரெண்டு பேருக்கும் பயம். நீங்க சரி பண்ணிட்டுப் பின்னாடியே வாங்கன்னு சொல்லிட்டாங்க."

ஒர்க் ஷாப்பின் சொந்தக்காரிக்கு ஜட்ஜம்மா என்பது ஊரார் வைத்த பெயர். ஐம்பது வயது, நரைத்த கொண்டை, முழங்கைவரை மடித்துவிட்ட காக்கிச் சட்டை. எந்த வண்டி வந்தாலும் முழு வாக்குமூலமும் வாங்காமல் பானெட்டைத் தொடமாட்டார். வண்டி பொய் சொல்லாது, வண்டிக்காரர்தான் பொய் சொல்வார் என்பது மற்ற மெக்கானிக்குகளின் கட்சி. ஜட்ஜம்மா அந்தக் கட்சியில் இல்லை. வண்டிக்காரர் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறார், அதில் எது முக்கியம் என்பதுதான் அவருக்குத் தெரிவதில்லை என்பார்.

அவருடைய அண்ணன் கண்டக்டர் அதற்குள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முப்பத்திரண்டு வருடம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். அத்தனை வருடம் எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்றதால் எஞ்சினைப் பற்றி எல்லாம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை. அப்படிப் பார்த்தால் ஆஸ்பத்திரி வாட்ச்மேன் ஆபரேஷன் செய்யலாம். ஆனால் இதை யாரும் அவரிடம் சொன்னதில்லை, மனுஷர் அவ்வளவு ஆசையாகக் கருத்துச் சொல்வார்.

"ஸ்பார்க் பிளக் லூஸு," என்றார் கண்டக்டர்.

"அண்ணே, அவர் இன்னும் ஒண்ணுமே சொல்லலை."

"சொல்லட்டும். நான் காத்திருக்கேன்."

தையற்காரர் மூடிய கையைத் திறந்தார். உள்ளங்கையில் ஒரு போல்ட்டு இருந்தது. கட்டைவிரல் நீளம்கூட இல்லை. அதன் தலைக்குக் கீழே எட்டணாக் காசு அகலத்துக்கு ஒரு தட்டை வாஷர், அதன் விளிம்பில் காய்ந்த சேறு.

"இதுதாம்மா குற்றவாளி," என்றார். "போன ஞாயித்துக்கிழமை நானே வண்டியைப் பிரிச்சேன். எல்லாத்தையும் மாட்டி முடிச்சப்புறம் இது ஒண்ணு மிஞ்சிடுச்சு. எங்கே மாட்டணும்னு தெரியலை. மூணு நாளா இதைச் சட்டைப்பையில வச்சுக்கிட்டுத் தூக்கம் வராம கிடக்கேன்."

"எதுக்கு நீங்களே பிரிச்சீங்க?"

"மலைப் பயணம்னா ஆயிலை மாத்திட்டுப் போறது நல்லதுன்னு பேச்சு வந்துச்சு. மச்சினன் செல்போன் ரிப்பேர் பண்றவன். ஒரு வீடியோவைக் காட்டி, 'இதுக்குப் போயி மெக்கானிக்கா மாமா, நாமளே முடிச்சிடலாம்'னான். எங்க வீட்டு வாசல்ல ரெண்டு வண்டியையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்தினோம். ரெண்டும் ஒரே கம்பெனி, மாடல்தான் வேற. அவனோடது பழசு. ஆயில் மாத்தினோம், ஃபில்டர் மாத்தினோம், பிளக்கைக் கழட்டித் துடைச்சு மாட்டினோம்."

"பார்த்தியா, பிளக்!" என்று கண்டக்டர் தொடையைத் தட்டினார்.

"ரெண்டு பேரும் அவங்கவங்க வண்டியைத்தான் பார்த்தீங்களா?"

"ஆமாம்மா. அவன் வண்டிக்கு அடியில ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கு. அதைக் கழட்டி மாட்டுறதுக்குள்ள அவனுக்கு நாக்குத் தள்ளிடுச்சு. என் வண்டியில அந்தத் தொல்லை இல்லை, சீக்கிரம் முடிச்சுட்டேன். ஆளுக்கு ஒரு கேன் ஆயில், நாலு லிட்டர், ஒண்ணாத்தான் வாங்கினோம். அவன் வண்டி கொஞ்சமாத்தான் குடிச்சுது, கேன்ல பாதிக்குக் கொஞ்சம் குறைவா மிஞ்சிடுச்சு. என் வண்டிக்கு முழுக் கேனும் பத்தலை. அவனோட மிச்சத்தையும் வாங்கி ஊத்தினேன், அப்புறம்தான் அளவு சரியா வந்துச்சு. அளவு விஷயத்துல நான் கெட்டிம்மா. கோடுன்னா கோடுதான், நூல் பிசகாது."

"சத்தம் எப்போ வருது?"

"ஸ்டார்ட் பண்ணும்போது வராது. ஒரு கால் மணி நேரம் ஓட்டினப்புறம் ஆரம்பிக்கும். வேகம் போனா கூடும். நிறுத்தி வச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு எடுத்தா, ஒண்ணுமே நடக்காத மாதிரி அமைதியா இருக்கும்."

"மச்சினன் என்ன சொன்னார்?"

தையற்காரரின் முகம் சுருங்கியது. "திங்கக்கிழமை இந்தப் போல்ட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். 'உங்க வண்டியோடதுதான், நீங்கதான் மாட்ட மறந்துட்டீங்க'ன்னான். முப்பது வருஷத்துல ஒரு பட்டன் விட்டுப்போனதில்லைடா என் கையிலன்னேன். 'ஊசி பிடிக்கிற கை ஸ்பேனர் பிடிச்சா இப்படித்தான்'னு கடையில நாலு பேர் எதிர்ல சொல்லிட்டான். எனக்கும் நாக்கு தடிச்சுப்போச்சு. அதுலேர்ந்து பேச்சுவார்த்தை இல்லை. என் நம்பரையே பிளாக் பண்ணி வச்சிருக்கான்."

இதைச் சொன்னபோது அவர் கண் கலங்கிவிட்டது. மனைவியின் ஒரே தம்பி. பதினாறு வயதிலிருந்து இவர் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன்.

ஜட்ஜம்மா எழுந்தார். "இப்போ பானெட்டைத் திறக்கலாம்."

எஞ்சினை மறுபடி ஓடவிட்டார்கள். சூடு ஆறாததால் சத்தம் உடனே வந்தது. ஜட்ஜம்மா ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, அதன் முனையை எஞ்சின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக்கொண்டார். மேல்மூடியின் இடது ஓரத்தில் கேட்டார், நடுவில் கேட்டார், வலது ஓரத்தில் கேட்டார். பிறகு பிளக்குகளுக்குப் பக்கத்தில். கீழே, அடித்தொட்டி பக்கத்தில். முழுதாக ஐந்து நிமிடம் ஆயிற்று.

"பிளக் எல்லாம் டைட்டா இருக்கு அண்ணே. லூஸா இருந்தா புஸ் புஸ்ஸுன்னு காத்து வரும், சுத்தி கரி படிஞ்சிருக்கும். சுத்தமா இருக்கு."

கண்டக்டர் அசரவில்லை. "அப்போ இந்தப் போல்ட்டோட தம்பி ஒருத்தன் எஞ்சினுக்குள்ள விழுந்திருக்கான். உருண்டு உருண்டு தட்டுறான்."

"உள்ளே இரும்பு விழுந்திருந்தா சத்தம் ஒரு இடத்துலேர்ந்து வரும். காலையில ஆறின எஞ்சின்லயும் தட்டும். இது அப்படி இல்லை. மேல் பகுதி முழுக்க, இந்த மூலையிலேர்ந்து அந்த மூலை வரைக்கும், எல்லா வால்வும் ஒரே மாதிரி தட்டுது. ஒருத்தர் உடம்பு சரியில்லைன்னா வேற. வீட்டுல இருக்கிற அத்தனை பேருக்கும் ஒரே நேரத்துல வயிறு வலிச்சா என்ன அர்த்தம்?"

"சாப்பாட்டுல கோளாறு," என்றார் தையற்காரர் மெதுவாக.

"எஞ்சினுக்குச் சாப்பாடு ஆயில்தான்."

கண்டக்டர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தங்கை காதருகே குனிந்தார். ரகசியம் என்று நினைத்துத்தான் பேசினார், தெருவுக்கே கேட்டது. "மச்சினன் வேணும்னே மட்ட ஆயிலைக் கலந்துட்டான். பழைய வண்டிக்காரனுக்குப் புது வண்டிக்காரன் மேல பொறாமை. நான் எத்தனை குடும்பத்தைப் பஸ்ல பார்த்திருக்கேன்!"

"ரெண்டு பேர் வண்டிக்கும் ஒரே ஆயில் அண்ணே. ரெண்டு கேனும் ஒண்ணாத்தான் வாங்கியிருக்காங்க. அந்தப் பையனை விடுங்க."

எஞ்சினை நிறுத்திவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றினார். மூடியின் உள்பக்கம் முழுக்கச் சோப்பு நுரை மாதிரி பொடிப்பொடியாகக் குமிழிகள். தையற்காரர் குனிந்து பார்த்தார்.

"தண்ணி கலந்துடுச்சா?"

"கலந்திருந்தா பால் ஊத்தின மாதிரி வெளுத்திருக்கும். இது நிறம் மாறலை. ரேடியேட்டர் தண்ணியும் ஒரு சொட்டு குறையலை. அப்போ இதுல கலந்திருக்கிறது காத்து. ஆயில் தேவைக்கு மேல இருந்தா, கீழே சுத்துற தண்டு அதுக்குள்ள முங்கி முங்கி அடிச்சு நுரையாக்கிடும். அந்த நுரைதான் மேல வால்வுக்குப் போகுது. நுரையால அழுத்தம் கொடுக்க முடியாது, அதான் வால்வு தட்டுது. நுரை வர்றதுக்குக் கால் மணி நேரம் ஓடணும். நின்னா நுரை அடங்கிடும், சத்தமும் போயிடும். நீங்க சொன்னதோட பொருந்துதா?"

"எல்லாம் பொருந்துதும்மா. ஆனா ஆயில் எப்படி அதிகமா இருக்கும்? நான் அளந்துதானே ஊத்தினேன்?"

ஆயில் அளக்கும் கம்பியைத் தையற்காரரே உருவினார். மஞ்சள் வளையம் போட்ட, நுனியில் இரண்டு கோடு கீறிய மெல்லிய கம்பி. துடைத்து, உள்ளே விட்டு, மறுபடி உருவி, ஜட்ஜம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினார். ஆயில் மேல் கோட்டில் நின்றது. ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"பாருங்க! நான் சொன்னேன்ல?"

"ரெண்டு சாட்சி," என்றார் ஜட்ஜம்மா. "ஆயில் அதிகம்னு நுரை சொல்லுது. சரியா இருக்குன்னு கம்பி சொல்லுது. ஏதோ ஒண்ணு தப்பு."

அவர் தையற்காரரின் கையிலிருந்த போல்ட்டை வாங்கிக்கொண்டு வண்டியைச் சுற்ற ஆரம்பித்தார். டார்ச்சை அடித்து, போல்ட்டு போகக்கூடிய ஒவ்வொரு துளையாகப் பார்த்தார். மேலே முடித்து, சக்கரம் வைத்த பலகையில் படுத்துக் கீழேயும் போனார். கண்டக்டர் மணியைப் பார்த்து, பதினொன்றாகிவிட்டது என்று அறிவித்தார். தையற்காரர் நின்ற இடத்திலேயே நெளிந்தார். ஆயிலை இறக்கிவிட்டு அனுப்பினால் போதாதா, இந்தம்மா ஒரு போல்ட்டுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று அவருக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

ஜட்ஜம்மா வெளியே வந்தபோது நெற்றியில் கறை. "இந்த வண்டியில ஒரு துளைகூடக் காலியா இல்லை. எல்லா இடத்துலயும் போல்ட்டு இருக்கு."

"அப்போ இது?"

"இது உங்க வண்டிப் போல்ட்டே இல்லைங்க. வாஷரைப் பாருங்க, எவ்வளவு அகலம். இரும்பைப் பிடிக்க இவ்வளவு பெரிய வாஷர் எதுக்கு? பிளாஸ்டிக் கிழியாம இருக்கத்தான் இப்படிப் போடுவாங்க. விளிம்புல சேறு இருக்கு, அப்போ தரைப் பக்கம் இருந்தது. அடியில பிளாஸ்டிக் தட்டு யாரோட வண்டியில?"

தையற்காரர் போல்ட்டை மறுபடி வாங்கிப் பார்த்தார். "மச்சினனோடது."

"பாவி! அவன் மறந்ததுக்கு உங்க தலையில பழியைப் போட்டானா!" என்று கண்டக்டர் குதித்தார்.

"தட்டுல எட்டுப் போல்ட்டு இருக்கும், ஒண்ணு இல்லைன்னா ஒண்ணும் ஆகாது. அது எனக்குப் பெருசில்லை. அவர் வண்டிச் சாமான் உங்க பக்கம் வந்திருக்கு. அது எப்படி வந்துச்சு? கழட்டினதையெல்லாம் எங்கே வச்சீங்க?"

"தரையில வச்சா மண் ஒட்டும்னு கடையிலேர்ந்து வெட்டுத் துணி ஒண்ணு எடுத்துட்டு வந்து விரிச்சேன். ரெண்டு வண்டிக்கும் நடுவுல."

"ஒரே துணியா?"

"ஒரே துணிதான்."

"ஆயிலை இறக்குறதுக்கு முன்னாடி அளவுக் கம்பியை உருவிடுங்கன்னு அந்த வீடியோவுல சொல்லியிருப்பாங்களே?"

"சொன்னாங்க. உருவி..." தையற்காரர் நிறுத்தினார். "ரெண்டையும் துடைச்சு, பக்கத்துல பக்கத்துல படுக்க வச்சேன். ரெண்டுக்கும் மஞ்சள் வளையம்."

ஒர்க் ஷாப்பின் அடுத்த பக்கத்தில், பிரேக் வேலைக்காக ஒரு டாக்ஸி நின்றது. தையற்காரருடைய அதே மாடல். ஜட்ஜம்மா அதன் அளவுக் கம்பியை உருவிக்கொண்டு வந்து, மேஜையில் தையற்காரரின் கம்பிக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டின் வளையத்தையும் ஒரே நேரில் நிறுத்தினார்.

"உங்க தொழில்தான். அளங்க."

தையற்காரர் கழுத்திலிருந்து டேப்பை எடுத்தார். வளையத்திலிருந்து மேல் கோடு வரை முதலில் டாக்ஸியின் கம்பி. பிறகு தன்னுடையது. நம்ப முடியாமல் மறுபடி ஒருமுறை அளந்தார்.

"ஒண்ணேகால் அங்குலம். இது ஒண்ணேகால் அங்குலம் குட்டை."

"நீங்க அளந்தது சரிதான்," என்றார் ஜட்ஜம்மா. "டேப்தான் வேற ஆளோடது. குட்டைக் கம்பி, அதனால கோடு மேல நிக்குது. அந்தக் கோட்டை எட்டுற வரைக்கும் ஊத்தினீங்க. நாலு லிட்டர் போக வேண்டிய எஞ்சின்ல அஞ்சரை லிட்டர் இருக்கு."

கண்டக்டர் கைதட்டியேவிட்டார். "கேஸ் முடிஞ்சுது! ஆயிலை இறக்கு, இவர் பதினொன்றரைக்கே கிளம்பலாம். பொண்ணு சீட்டு பத்திரம்!"

தையற்காரருக்கும் உயிர் வந்தது. மூன்று நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்ட மாதிரி ஒரு மூச்சு விட்டார். வால்வு கெடவில்லை, எஞ்சின் போகவில்லை, தன் கையும் பொய்க்கவில்லை. முதல் வேலையாக மச்சினன் முகத்துக்கு நேரே இந்தக் கம்பியை நீட்ட வேண்டும் என்று நினைத்தார்.

ஜட்ஜம்மா சிரிக்கவில்லை. "உங்க கம்பி இப்போ எங்கே இருக்கு?"

"எங்கே இருக்கும், அவன் வண்டியில..."

சொல்லிக்கொண்டே வந்தவரின் குரல் நடுவிலேயே நின்றுவிட்டது. மேஜையில் கிடந்த இரண்டு கம்பிகளையும் பார்த்தார். நீளக் கம்பி என்றால் கோடு கீழே நிற்கும். கீழே நின்றால் கொஞ்சம் ஊற்றினாலே நிறைந்துவிட்டது என்று காட்டும்.

"அவன் வண்டி கொஞ்சமாத்தான் குடிச்சுதுன்னு சொன்னேனே," என்றார். "ரெண்டரை லிட்டர்தான் ஊத்தினான்."

"அந்த மாடலுக்கும் நாலு லிட்டர். பழைய வண்டி, கொஞ்சம் எரிச்சும் தின்னும். ஊருக்குள்ள, சமதரையில ஓடும்போது தெரியாது. மலையேறும்போது இருக்கிற கொஞ்ச ஆயிலும் பின்னாடி ஓடிடும். கொண்டை ஊசி வளைவுல ஒரு பக்கம் ஒதுங்கிடும். உறிஞ்சுற குழாய்க்கு ஆயில் கிடைக்காது. ஏத்தத்துல, வளைவுல, பின்னாடி வண்டி வரும்போது எஞ்சின் இறுகி நின்னுடும். நின்னா பிரேக்கும் கல்லு மாதிரி ஆயிடும், ஸ்டியரிங்கும் கனத்துடும். நான் ஆரம்பத்துலேர்ந்து தப்பான வண்டியைப் பார்த்துக்கிட்டிருக்கேன். சத்தம் போடாத அந்த வண்டிதான் ஆபத்துல இருக்கு."

தையற்காரர் அதற்குள் போனை எடுத்துவிட்டார். மச்சினனுக்கு அடித்தால் மணியே போகவில்லை, பிளாக். ஜட்ஜம்மாவின் போனிலிருந்து அடித்தார்கள்; முழுசாக அடித்து ஓய்ந்தது, வண்டி ஓட்டும்போது தெரியாத நம்பர் வந்தால் அவன் எடுக்கமாட்டான். மனைவிக்கு அடித்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே. மகளுக்கு அடித்தார், மணி போனது, போனது, எடுக்கவில்லை.

"வண்டியில உட்கார்ந்தா பாட்டை மாட்டிக்கிட்டுத் தூங்கிடுவா," என்றார். "என் பொண்ணும்மா. ஒரே பொண்ணு. அந்த வண்டிதான் பத்திரம்னு நானே ஏத்தி அனுப்பினேன்."

"அழுறதுக்கு நேரமில்லை. மலை அடிவாரம் எவ்வளவு தூரம்?"

"ரெண்டரை மணி நேரம். எட்டரைக்குக் கிளம்பினாங்க. பதினொண்ணுக்கே போயிருப்பாங்க."

மணி பதினொன்று இருபத்திரண்டு.

காலையிலிருந்து மூன்று கருத்து சொல்லி மூன்றிலும் தோற்றுப்போன கண்டக்டர் எழுந்து நின்றார். ஸ்டூல் பின்னால் சாய்ந்து விழுந்தது.

"கேட்டு!" என்றார். "தங்கச்சி, அந்த மலைப் பாதையில ஒரு நேரத்துல ஒரு பக்கம்தான் வண்டி போக முடியும். அடிவாரத்துல கேட்டைப் போட்டு ஒரு மணி நேரம் இறங்குற வண்டியை விடுவான், அடுத்த ஒரு மணி நேரம் ஏறுற வண்டியை விடுவான். ஏத்தம் பதினொன்றரைக்குத்தான் திறக்கும். இப்போ எல்லாரும் வரிசையில நிக்கிறாங்க! பதினோரு வருஷம் அந்த ரூட்ல போயிருக்கேன்யா. கேட்டுப் பக்கத்துல பஸ் நேரம் குறிக்கிற டைம் கீப்பர் என் ஆளு!"

அவர் பேச்சை முடிப்பதற்குள் விரல் போனைத் தேய்த்துக்கொண்டிருந்தது. இரண்டாவது மணியிலேயே ஆள் எடுத்தார். கண்டக்டர் அதட்டினார்: "டேய், நலமெல்லாம் அப்புறம் விசாரிக்கலாம். ஓடிப்போய்க் கேட்டைத் திறக்க வேண்டாம்னு சொல்லு. வரிசையில ஒரு வெள்ளைக் கார்... யோவ், நம்பர் என்ன?"

தையற்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார். எத்தனையோ தடவை பார்த்த நம்பர், ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. பிறகு சட்டென்று போனைப் பிடுங்கினார். "ஐயா, பின் கண்ணாடியில வெயில் மறைக்கிற துணி தொங்கும். மயில்நீலம். ஓரத்துல மஞ்சள் பட்டி, மூலையில மட்டும் தையல் கொஞ்சம் கோணலா இருக்கும். நான்தான் தச்சேன். வேற எந்த வண்டியிலயும் அது இருக்காது."

மறுமுனையில் ஓடும் செருப்புச் சத்தம் கேட்டது. ஹாரன்கள். யாரோ யாரையோ திட்டினார்கள். ஜட்ஜம்மா போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தார். மூன்று பேரும் அதைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். ஒரு விசில் நீளமாக ஊதியது. கார்க் கதவு திறந்தது.

"யாரு? என்ன வேணும் உங்களுக்கு?" என்றது மச்சினனின் குரல்.

"மாப்ளே, நான்தான். எஞ்சினை நிறுத்து."

"ஓ, நீங்களா? என் போன்ல பேச முடியலைன்னு ஊர்க்காரன் போன்லயா? மாமா, கேட்டு திறக்கப் போறான், பின்னாடி நாப்பது வண்டி நிக்குது."

"உன் வண்டியில ஆயில் இல்லைடா. கம்பி மாறிப்போச்சு."

"ஞாயித்துக்கிழமைதானே ஊத்தினேன்? இன்னைக்குக் காலையிலயும் பார்த்தேன். கோட்டுல டாண்ணு நிக்குது. உங்க வண்டி கெட்டா என் வண்டியும் கெட்டுப் போகணுமா?"

தையற்காரருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஊசி பிடிக்கிற கை என்று சொன்னது அப்படியே திரும்பக் காதில் கேட்டது. பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஜட்ஜம்மா அவர் கையை அழுத்தி, தான் பேசினார்.

"தம்பி, நான் மெக்கானிக். நீங்க பார்த்தது பொய்யில்லை. இப்போ பார்த்தாலும் அந்தக் கம்பி சரியாத்தான் காட்டும். அது உங்க மாமா வண்டிக் கம்பி, நீளம் அதிகம். எஞ்சினை நிறுத்திட்டு அதைத் துடைச்சு மறுபடி விடுங்க. ஆனா முழுசா விடாதீங்க. வளையம் உட்கார்ற இடத்துக்கு ஒண்ணேகால் அங்குலம் மேலேயே பிடிச்சு நிறுத்துங்க. அதுதான் உங்க வண்டியோட உண்மையான அளவு."

"ஒண்ணேகால் அங்குலத்துக்கு இங்கே நான் ஸ்கேலுக்கு எங்கே போறது?"

"உன் கட்டைவிரல் நுனியிலேர்ந்து முதல் கணு வரைக்கும்," என்றார் தையற்காரர். கோபத்தை எப்படி விழுங்கினாரோ, குரல் அடங்கி வந்தது. "உனக்குச் சட்டை தச்சவன் சொல்றேன். ஒரு தடவை பாருடா. தப்பா இருந்தா ஜென்மத்துக்கும் உன் வண்டியைப் பத்திப் பேசமாட்டேன்."

பானெட் திறக்கும் சத்தம். பின்னாலிருந்த வண்டிகளின் ஹாரன். டைம் கீப்பர் யாரையோ பார்த்து, ரெண்டு நிமிஷம் பொறுத்தா குடி முழுகிடாது என்று கத்தினார்.

"என்ன காட்டுது?" என்றார் ஜட்ஜம்மா.

"ஒண்ணும் ஒட்டலை." மச்சினனின் குரல் ஆளே மாறியிருந்தது. "நுனியிலகூட ஒரு பொட்டு இல்லை. காஞ்சு கிடக்கு."

கண்டக்டர் விழுந்த ஸ்டூலைத் தேடிப்பிடித்து உட்கார்ந்தார். ஜட்ஜம்மா, வண்டியை ஓரமாகத் தள்ளிவிடச் சொன்னார். ஸ்டார்ட் பண்ணவே கூடாது, பக்கத்து பங்க்கில் ஒன்றரை லிட்டர் ஆயில் வாங்கி ஊற்ற வேண்டும், கம்பியைப் பார்க்காமல் கேனைப் பார்த்து ஊற்ற வேண்டும் என்றார். அவன் ஒவ்வொன்றுக்கும் சரிங்க, சரிங்க என்றான். எல்லாம் முடிந்தும் போனை வைக்கவில்லை.

"மாமா, இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"வர்ற வழியில ஒரு பெரிய திருப்பம். அதுல அந்தச் சிவப்பு ஆயில் லைட்டு எரிஞ்சு அணைஞ்சுது. ரெண்டு தடவை. நான் பார்த்தேன் மாமா." அவன் மூச்சு வாங்கினான். "அக்கா பக்கத்துலதான் இருந்தாங்க. அவங்ககிட்ட சொல்லலை. சொன்னா என் வண்டியும் கெட்டுப்போச்சுன்னு ஆயிடும், உங்ககிட்ட தோத்துட்டேன்னு ஆயிடும்னு வாயை மூடிக்கிட்டு ஓட்டிட்டேன். இவங்களை வச்சுக்கிட்டே மலை ஏறப் பார்த்தேன்."

தையற்காரர் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்று நாளாக அடுக்கி வைத்திருந்த பதிலடி அத்தனையும் வாய்க்கு வந்தது. அடிக்க இதைவிட நல்ல நேரம் இனிக் கிடைக்காது. ஜட்ஜம்மா அவரைப் பார்க்காமல், ஆயில் இறக்க வண்டிக்கு அடியில் போய்விட்டார்.

"பாப்பா என்ன பண்றா?" என்று கேட்டார் தையற்காரர்.

"பின் சீட்டுல தூங்குறா மாமா. இவ்வளவு சத்தத்துலயும் எழுந்திரிக்கலை."

"தூங்கட்டும், எழுப்பாதே. அக்காகிட்ட லைட்டு எரிஞ்சதைச் சொல்லிக்கிட்டு இருக்காதே, பயந்துடுவா. ஆயிலை ஊத்திட்டு, மூடியை இறுக்கமா திருகிட்டு, நிதானமா ஏறு. கையெழுத்துக்கு நான் வந்துடுறேன்."